நூற்று முப்பது கிலோ விதி

அரியாலை கிழக்கு
ஆனி 22

அன்பின் மச்சான் றொகானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். ஒஸ்லோவில் நீரும் தனுசியாவும் பிள்ளைகளும் சுகமென்று நல்லூரானை நம்பி எழுதுகிறேன். உம்முடைய அக்கா குணலட்சுமி என்னோடு கதைக்காததால் இன்னும் கூடுதல் சுகமாக இருக்கிறார். வாட்ஸப்பில் கதைத்தால் அவருக்குக் கேட்டுவிடும், அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். நம்முடைய இரட்டையோடப் பாய்ப்படகுச் சங்கத்தில் ஆறு படகுகள், ஆறு வாக்குகள். விதியொன்றை மாற்ற நான்கு வேண்டும். மாற்றச் சொல்லி மூன்று விழுந்துவிட்டன. நானும் சுபாங்கனும் எதிர்த்திருக்கிறோம். மிச்சம், கொட்டிலில் கவிழ்த்து வைத்திருக்கும் உம்முடைய படகின் வாக்கு.

எந்த விதி என்று கேட்பீர். படகில் ஏறும் இருவரும் சேர்ந்து நூற்று முப்பது கிலோ இருக்க வேண்டும், குறைந்தால் மண்மூட்டை ஏற்ற வேண்டும் என்ற விதி. பாரம் குறைந்த படகு பறந்துவிடும் என்று, செயலாளராக இருந்தபோது நான்தான் எழுதினேன். தாஹிரும் அவருடைய மகள் பஸீனாவும் சேர்ந்தால் நூற்றுப்பன்னிரண்டுதான். போன ஞாயிறு கூட்டத்தில் அந்தப் பிள்ளை எழும்பி, “அங்கிள், நாங்கள் மெலிஞ்சிருக்கிறதுக்குத் தண்டனையோ? எத்தினை வருஷத்துக்கு உந்த மண்ணைச் சுமக்கிறது?” என்று கேட்டாள். “விதி எல்லாருக்கும் ஒண்டுதான் பிள்ளை,” என்றேன். “அப்ப எல்லாரையும் நிறுப்பம்,” என்றாள். சுன்னாகச் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற தராசைச் சுபாங்கன் தன் வான் வண்டியிலிருந்து இறக்கினான். என் பக்கம் வாக்களித்த ஆள் செய்த வேலையைப் பாரும். ஏறினேன். தொண்ணூற்றெட்டு. எட்டு வருஷமாகப் பதிவுக் கொப்பியில் எண்பத்திரண்டு என்று எழுதி வந்தவன் நான். “காற்சட்டை ஈரம்,” என்றேன். “பதினாறு கிலோ ஈரமோ?” என்று கேட்டது வேறு யாருமில்லை, உம்முடைய அக்கா.

சரி, மூட்டையில்லாமல் ஒருதரம் ஓடிப் பார்ப்போம் என்று தாஹிர் சொல்ல, அன்றைக்கே ஓடினோம். கடல்நீரேரி வற்றிக் கிடந்தது. பாதிவழியில் நானும் அக்காவும் ஓடிய படகு மண்ணில் குந்திவிட்டது. “இறங்கித் தள்ளுங்கோ,” என்றார் அக்கா. இறங்கினேன், முழங்காலளவு தண்ணீர், ஒரே ஒரு தள்ளுத்தான் தள்ளினேன், நான் கயிற்றைப் பிடிக்க முதல் படகு கிளம்பிவிட்டது. “நில்லுமப்பா, நான் ஏற வேணும்!” என்று கத்தினேன். “நிண்டால் திரும்பவும் குந்திவிடும்!” என்று திரும்பிப் பாராமலே போய், இரண்டாவதாக வந்தார். பஸீனா முதலாவது. நண்டுகளுக்கு நடுவே நடந்து நான் கரைசேர்ந்தபோது எல்லோரும் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள். எட்டு வருஷமாக நாங்கள் இருவரும் ஐந்தாவதைத் தாண்டியதில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் எங்கள் கலியாணத்திலும் காணவில்லை.

இந்த விதி போனால் ஒருவர் தனியாகவும் ஓடலாம், அக்கா தனியாகத்தான் ஓடப்போகிறாராம். படகு என் பெயரில் இருப்பதால் அவருக்கு வாக்கில்லை, அந்தக் கோபம் வேறு. கோப்பை ஓட்டத்தன்று நான் கரையில் துவாயோடு நிற்பதா மச்சான்? அடுத்த கூட்டம் ஆடி முடிவில். மாற்றக்கூடாது என்று ஒரு வரி எழுதியனுப்பும்.

நல்லூரான் உங்களுக்குத் துணையிருப்பான். மருமக்கள் அளவாகச் சாப்பிட்டு நீடூழி வாழட்டும்.

உம்முடைய அன்பு அத்தான்,
த. பரஞ்சோதி

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரம் தாஹிரும் பஸீனாவும் வந்தார்கள். தாஹிருக்கு முழங்கால் வருத்தம், இனிப் படகேற மாட்டாராம். “சோளகக் காத்து எங்கடை படகைத் தூக்கிக் கவிழ்க்குது அங்கிள். உங்களைப்போல ஓராள் இருந்தால் அசையாது. என்னோட வாறியளோ?” என்றாள் பஸீனா. “ஓம்” என்று எப்போது சொன்னேனென்று எனக்கே தெரியாது. ஆனால் உம்முடைய அக்காவை வெல்வதென்றால் முதலில் அவர் ஓட வேண்டும். அவரைத் தனியே ஓட இந்த விதி விடாது. என் வாக்கை நானே மாற்ற வெட்கமாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, விதியை மாற்றத்தான் வேண்டும் என்று வாக்களியும்.