நாலு மணி இடியும் மலரின் கல்யாணப் படங்களும்

மலேசியாவில், எங்கள் ஜொகூரில் பஸ் நேரத்துக்கு வராது, வருகிறேன் என்று சொன்ன ஆளும் நேரத்துக்கு வரமாட்டார். சாயங்கால இடி மட்டும் சம்பளம் வாங்குகிற உத்தியோகஸ்தர் மாதிரி நேரம் தவறாமல் வந்துவிடும். கெலாங் பாத்தாவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து நானும் அதற்குச் சமமாக உழைத்து வருகிறேன். வானம் லேசாக முகம் சுளித்தால் போதும், வீட்டிலுள்ள பிளக்கை எல்லாம் பிடுங்கிவிடுவேன். கண்ணாடிக்குத் துணி போடுவேன். மினுமினுப்பதைத் தேடித்தான் மின்னல் வரும் என்பது நான் பிறந்த தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஞ்ஞானம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். அதற்கு மேல் உள்ள விஞ்ஞானம் இதை மறுக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இந்த விஞ்ஞானம்தான் என் மகள் மலரின் கல்யாணத்தை அழித்தது. (கல்யாணத்தை இல்லை, கல்யாணப் படங்களை. அன்றைக்கு எழுந்த அழுகையைக் கேட்ட பக்கத்து வீட்டார் முன்னதைத்தான் நினைத்திருப்பார்கள்.)

படங்கள் எல்லாம் எங்கள் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. போட்டோக்காரர் கொடுத்த கையோடு தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டார். ஆல்பமும் போடவில்லை. ஏனென்றால் மலர் படம் பொறுக்கி முடிக்கவில்லை. ஒன்றில் மூக்கு பெரிசு, ஒன்றில் மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டார். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் அந்த மூக்கு சிறுத்தபாடில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் சேகர்தான் முதலில் பயந்தான். “ஒரு எடத்துல மட்டும் இருந்தா அது இல்லாத மாதிரிதான்,” என்று சொல்லிக் குடும்பக் கூட்டம் போட்டான். இண்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாம் என்றான்.

“நம்ம பொண்ணு படத்த எவன் வீட்டு கம்ப்யூட்டர்லயோ வைக்கிறதா? வேணா லா!” என்றார் என் வீட்டுக்காரர்.

சின்ன டிஸ்க் ஒன்று வாங்கி வாரம் ஒரு தடவை கையால் மாட்டிக் காப்பி எடுக்கலாம் என்றான். யார் எடுப்பது என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். (இந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் என் பதில் தரைதான்.)

கடைசியில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். யாரும் தொட வேண்டாம், தினமும் தானே காப்பி எடுத்துக்கொள்ளும். ராத்திரியில் கரண்டு எரியக்கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். அதனால் யாரும் கம்ப்யூட்டரைத் தொடாத சாயங்காலம் நாலு மணி என்று நேரம் குறித்தார்கள்.

நாலு மணிக்கு நான் என்ன செய்வேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் பேசி எனக்குப் பழக்கமில்லை.

சேகர் எங்கள் முன்னால் ஒரே ஒரு படத்தை ஏற்றிக் காட்டினான். வீட்டுக்காரர் சட்டையில்லாமல், இடுப்பில் சாரோங்கோடு, பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒரு முள்ளு டுரியான் பழத்தைத் தூக்கி நிற்கும் படம். “மத்ததெல்லாம் நாளைக்கு நாலு மணிக்குத் தானா ஏறிடும்மா. பெட்டி பத்திரம்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்திரமா? என்னிடமா சொல்கிறான்! மூன்றரைக்கே பிளக்கைப் பிடுங்கினேன். இடி நின்று, சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்ச நேரமும் போன பிறகுதான் மாட்டினேன். சில நாள் கழித்துப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. மினுக்கினால் மின்னல் வருமே! நானே பின்னிய லேஸ் துணியைப் போட்டு மூடினேன். பார்க்க அழகாகவும் இருந்தது.

இப்படி மாதங்கள் ஓடின. ஒருநாள் குளுவாங்கிலிருந்து மலரும் அவள் மாமியாரும் வந்தார்கள். சம்பந்தியம்மாவுக்குத் தன்னைப் படத்தில் பார்ப்பதென்றால் சாப்பாடு வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “இந்தச் சேல எப்படி எடுப்பா இருக்கு பாருங்க!” என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தார்.

மேகம் கறுத்தது. எனக்குக் கை நமநமத்தது. வீட்டுக்கு வந்த சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குவதா? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

“என்ன சம்பந்திம்மா, பாத்ரூம் போவணுமா? போய்ட்டு வாங்க, நமக்குள்ள என்ன வெக்கம்?” என்றார்.

அதற்கு மேல் நான் வாய் திறப்பேனா? மேசைக்குப் பின்னால் நழுவிப்போய்ப் பெட்டியின் பிளக்கையாவது பிடுங்கினேன். அடுத்த நொடி வெளியே பளீர், உள்ளே டப். திரை கறுத்தது. ரப்பர் கருகிய வாடை வந்தது.

“அலமாக்! என் மூஞ்சி போச்சே!” என்றார் சம்பந்தியம்மா. மலர் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசினேன். “அழாதடி! பெட்டிய நான் காப்பாத்திட்டேன்!”

அடடா, அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதை! சம்பந்தியம்மா கட்டிப்பிடித்தார். வீட்டுக்காரர் தானே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். (சீனி போடவில்லை. இருந்தாலும் குடித்தேன்.) சனிக்கிழமை சேகர் வந்து பெட்டியைத் தன் லேப்டாப்பில் மாட்டும்வரை நான்தான் இந்த வீட்டுக்குக் குலதெய்வம்.

பெட்டி திறந்தது. நல்ல ஆரோக்கியம், ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரே ஒரு படம். சாரோங், டுரியான்.

“மா... நாலு மணிக்குப் பிளக்கப் புடுங்கினீங்களா?”

“இடி இடிச்சிச்சிப்பா.”

“இடிக்காத நாளு?”

“இடிச்சிட்டா என்ன பண்றதுன்னு...”

“சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே, பாக்கலியா?”

“அதான் துணி போட்டு மூடிட்டேனே.”

வீட்டுக்காரர் மட்டும் திரையை உற்றுப் பார்த்து, “நல்ல பழம் லா அது,” என்றார்.

கம்ப்யூட்டரின் கருகிய டிஸ்கைக் கடைக்காரரிடம் காட்டினோம். கையை விரித்தார். பிறகு மலர் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கெஞ்சி, அவர்கள் போனில் கிடந்ததைத் திரட்டினாள். தாலி கட்டும் படம் கிடைத்தது, முன்னால் யாரோ ஒருவரின் முழங்கையோடு. மலரின் மூக்கு முன்பைவிடப் பெரிசு. ஆனால் இந்த முறை அவள் பொறுக்கவில்லை, கிடைத்ததை எல்லாம் அழுதுகொண்டே எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது எங்கள் ஏற்பாடு அரசாங்கத்துக்குக்கூட இருக்காது. பெட்டி காலை பத்து மணிக்குக் காப்பி எடுக்கிறது. விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம், லேஸ் துணி தடை. எவன் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ ஒரு காப்பி இருக்கிறது, வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் இடி விழாது என்று மூன்றாவது காப்பி குளுவாங்கில், சம்பந்தியம்மாவின் சேலை அலமாரியில். புதுப் படம் ஏற்றிக்கொள்ளத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த டிஸ்க் வெற்றிலைத் தட்டில் வைத்துத்தான் வந்து போகும்.

ஆல்பமும் ஒருவழியாக வந்துவிட்டது. சம்பந்தியம்மா பிடிவாதம் பிடித்ததால் கடைசிப் பக்கம் முழுக்க டுரியான் படம். பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

அன்றிலிருந்து வீட்டுப் பத்திரமோ அலமாரிச் சாவியோ, எதையாவது “பத்திரமா வச்சிருக்கேன்” என்று நான் வாயெடுத்தால் போதும், வீடே சேர்ந்து கேட்கிறது: “கல்யாணமா, டுரியானா?”

நான் தரையைப் பார்க்கிறேன்.