மாத்து மேடம் என்னை அறுத்த கதை

ஒரு மனிதனிடம் என்ன திறமை ஒளிந்திருக்கிறது என்பதை அந்த மனிதனுக்கே தெரிவதற்கு முன்னால் கண்டுபிடிக்கிற ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து இந்தக் காஞ்சிபுரத்தில் எங்கள் மாத்து மேடம்தான். கண்டுபிடித்ததை வாய் திறந்து சொல்லும் வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. அதனால் எங்கள் பட்டுக்கடையில் முப்பது பேர், கண்ணைக் கட்டிக் கோயில் குளத்தங்கரையில் விட்டதுபோல எப்போதும் முழித்துக்கொண்டே திரிந்தோம்.

மேடம் மேனேஜராக வந்த முதல் வாரமே பாதிப் பேரை இடம் மாற்றினார். மறு வாரம் மீதிப் பேரை. 'மாத்து' என்ற பட்டம் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்திரண்டுதான். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். ஏனாத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். அதனால் பேச்சில் பாதி எம்.பி.ஏ., பாதி தறி.

"அண்ணே, டீமுன்னா கொஞ்சம் டென்ஷன் இருக்கணும்ணா. தறியில பாவு நூலு தொய்ஞ்சிக்கினு கெடந்தா பொடவை எப்டி வரும்?" என்பார். இந்த இரண்டும் எங்கே ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பது கேட்பவன் பொறுப்பு.

முதலில் மாட்டியவர் வாசல் காவலாளி ஏகாம்பரம். கார் வந்து நின்றால் கதவைத் திறப்பதற்கு முன் யாருக்குக் கல்யாணம், மாப்பிள்ளை எந்த ஊர், சம்பந்தி எப்படி என்று விசாரித்துவிடுகிற ஆள். வாடிக்கையாளர் ஒருவர் புகார் சொன்னார். ஏகாம்பரத்துக்கு வேலை போச்சு என்று நாங்கள் உச்சுக்கொட்டினோம். மறுநாள் பார்த்தால் அவர் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையில், முதல் மாடி முகூர்த்தப் புடவைப் பிரிவில் நிற்கிறார்!

"இந்தக் கூட்டத்துல 'வேணாம்'னு சொல்ற அதிகாரம் யாருகிட்ட இருக்குதுன்னு பாத்தவுடனே சொல்றாருபா. அந்த அத்தைக்கு மொதல்ல காபி குடுத்துட்டா முடிஞ்சுது" என்றார் மேடம். அத்தைகளுக்குக் காபி போனது. சண்டைகள் குறைந்தன.

அடுத்தது டில்லி. விற்பனைக்காரன். பொய் சொல்ல வராது. பட்டுக்கடையில் இது ஊனத்துக்குச் சமம். ஒரு அம்மாள் ஆசையாகத் தோளில் போட்டுப் பார்த்த புடவையைப் பார்த்து, "வேணாம்மா. நேத்து வெச்ச வத்தக்கொழம்பாட்டம் இருக்குது" என்றுவிட்டான். மேடம் அவனைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் அவனைப் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இனிமே ஒனக்கு இதான் வேலை. பாத்ததைச் சொல்லு." இப்போது அவன் 'ம்' என்று தலையாட்டினால்தான் புடவையை மடிக்கவே சொல்கிறார்கள்.

தினமும் காலையில் கடை திறந்ததும் நின்றபடியே ஒரு கூட்டம். டீ, போண்டா. மேடம் கேட்கிற ஒரே கேள்வி: "நேத்து யாருபா சொதப்புனது?" மாட்டிக்கொள்ளாத சொதப்பலாக இருந்தாலும் தானாகவே ஒத்துக்கொள்பவருக்கு முதல் போண்டா. கைதட்டல் வேறு. நான் ஒரு மாதத்தில் இரண்டு கிலோ ஏறினேன்.

நான் யார் என்று சொல்லவில்லையே. ஐயம்பேட்டை விவசாயக் குடும்பம்; இருபது வருடமாக அந்தக் கடையின் ஸ்டாக் ரூம் பொறுப்பு. வயது நாற்பத்தெட்டு. தொழில், புடவை அடுக்குவது. உப தொழில், பதறுவது. ஒருமுறை விளக்கு இரண்டு தரம் மினுக்கியதும் ஜெனரேட்டர்காரர், எலெக்ட்ரீஷியன், என் மனைவி மூவருக்கும் ஒரே மூச்சில் போன் செய்தேன். மனைவி எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூரையில் ஒரு சொட்டு ஒழுகியபோது புடவைகள்மேல் தார்ப்பாய் இழுத்தேன். உள்ளே ஒரு வாடிக்கையாளரும் இருந்தார். அன்றைக்கு எனக்கு இரண்டு போண்டா.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். மேடம் அறைக்கு வெளியே அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் முதலாளியிடம் போனில் பேசுவது கேட்டது.

"ஸ்டாக் ரூம் அண்ணனைத்தான் சொல்றேன் சார். இருபது வருஷமாச்சு. இதுக்கு மேல இழுக்கக் கூடாது. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடியே அறுத்துடலாம்."

எண்ணிக்கொண்டிருந்தது பதினேழு. அதற்கப்புறம் பதினெட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு அறையும் அதன் அலமாரிகளும்தான். நேரே டில்லியிடம் ஓடினேன்.

"டில்லி, என்னை வேலையவுட்டு எடுத்துடுவாங்களாடா?"

கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தெரியாதுண்ணா. ஆனா எடுத்தா ஆச்சரியப்பட மாட்டேன்."

ஏகாம்பரம் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி ஆராய்ந்தார். "கல்யாணக் களையும் தெரியுது, கருமாதிக் களையும் தெரியுதுபா. எத்தச் சொல்றது?"

அதற்கப்புறம் மேடம் செய்ததெல்லாம் என்னை இன்னும் குழப்பியது. "அண்ணே, ரெண்டு நாள் என் சீட்ல ஒக்காந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். "சாப்டீங்களா?" என்று தினமும் கேட்டார். முதலாளியே ஒருநாள் தோளில் தட்டிவிட்டுப் போனார். மாலை போட்டு மஞ்சத்தண்ணீர் தெளிக்கும்போது ஆடு ஏன் தலையாட்டுகிறது என்று அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது. மரியாதைக்கு.

போகிறவன் ஒழுங்காகப் போகவேண்டும் என்று, முகூர்த்தக் காலத்தில் என்னென்ன கெட்டுப்போகும் என்பதை ஒரு நோட்டில் எழுதினேன். ஜெனரேட்டர் நின்றால் யாரைக் கூப்பிடுவது. பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் ஒரே சோபாவில் ஏன் உட்காரவைக்கக்கூடாது. மழை வந்தால் எந்த அலமாரியை முதலில் நகர்த்துவது. நாற்பது பக்கம் ஆனது. நோட்டை மேடம் மேஜையில் வைத்தேன். அப்படியே ராஜினாமாக் கடிதமும் எழுதினேன். அவர்கள் அறுப்பதற்குள் நாமே அறுத்துக்கொள்வது கௌரவம் இல்லையா? 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதிவிட்டு, என்ன காரணம் என்று அரைமணி நேரம் யோசித்தேன். கிடைக்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில், போண்டா வருவதற்கு முன்பே கடிதத்தை நீட்டினேன். மேடம் படித்தார். திருப்பினார். மறுபடி படித்தார்.

"இன்னாணா இது? எங்கேயாவது வேற கடையில கூப்ட்டாங்களா?"

"நீங்கதானே மேடம்... அறுத்துடலாம்னு முதலாளிகிட்ட..."

முதலில் வெடித்தது ஏகாம்பரம்தான். "யோவ்! நெய்து முடிச்ச பொடவையத்தான்யா தறியிலேர்ந்து அறுப்பாங்க! அரைகொறையில எவன்யா அறுப்பான்?"

தறி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல பொடவை அறுக்கிற அன்னிக்குப் பாயசம் வெப்பாங்கண்ணா. நான் கோயம்புத்தூர் கடைக்குப் போறேன். இந்த சீட்டுக்கு நீங்கதான்னு சாரோட பேசி முடிச்சாச்சு. முழுசா நெய்து முடிச்ச பொடவைய எத்தினி வருஷம் தறியிலயே வெச்சிருக்கறது?"

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், 'இன்னிக்கு அறுத்ததுண்ணா' என்று நெசவாளிகள் கொண்டுவரும் புடவைகளை இருபது வருடமாகக் கைநீட்டி வாங்கி வைத்தவனே நான்தான். போகட்டும், எங்கள் ஐயம்பேட்டையில் நெல் அறுப்பு என்றால் அப்பா புது வேட்டி கட்டுவார். புடவைக்கும் நெல்லுக்கும் நல்ல வார்த்தையாக இருப்பது, நமக்கென்று வரும்போது மட்டும் கழுத்துக்கு நேரே வந்துவிடுகிறது.

"மேடம், நான் பயந்தாங்கொள்ளி" என்றேன். கடைசி முயற்சி.

"அத்தனாலதாண்ணா" என்றார். கையோடு கொண்டுவந்திருந்த என் நோட்டை எடுத்துக் காட்டினார். "நாங்கள்லாம் நடந்தப்புறம் ஓடுவோம். நீங்க நடக்கறதுக்கு முன்னாடியே ஓடிட்டு வந்து ஒக்காந்துக்கினு இருக்கீங்க. இந்த வேலைக்கு வேற இன்னா வேணும்?" பிறகு கடிதத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். "இந்த வருஷத்துச் சொதப்பல் இதான்பா. மொத போண்டா அண்ணனுக்கு!"

பயம் எப்படித் திறமையாகும் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை. அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், பாதி விளிம்பில். காலைக் கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன்.

போன வாரம் கூட்டம் தொடங்கும் நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து போன். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, நேத்து நான் பெருசா சொதப்பிட்டேண்ணா. இங்க யாருகிட்டயும் இன்னும் சொல்லிக்கற மாதிரி இல்ல."

என்ன சொதப்பல் என்று நான் கேட்கவில்லை. ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. "இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். முப்பது பேரும் கைதட்டினார்கள். தட்டிலிருந்து முதல் போண்டாவை எடுத்துத் தனியாக வைத்தேன்.

சாயங்காலம் வரை யாரையும் தொட விடவில்லை.