போடில் வந்தாச்சு

“இதுல போடில்னு போட்டிருக்கே,” என்றார் டோர்கில். “உங்க பேரு பிரேபென்தானே?”

“ஆமா.”

“போடில் பொம்பளைப் பேரு.”

“தெரியும். நாப்பது வருஷம் அவகூடக் குடும்பம் நடத்தியிருக்கேன்.”

டோர்கில் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். அதிகாலையிலேயே சுண்ட்ஸோர் படகுத்துறையில் மேசை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பெயர்த் துணியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் ஃபியோர்டு என்ற கடற்கழியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்க்கரையிலிருந்து படகேறி இதே துறைக்கு வந்து சேர வேண்டும். வழி கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர். சுற்றிலும் தோலோடு தோலாக ஒட்டிய உடையில், கொக்குக் கால்களோடு ஆட்கள் நின்றார்கள். நடுவில் பிரேபென் மட்டும் மடிப்புக் கலையாத கறுப்புக் கம்பளிக் கால்சட்டையில், ஏதோ சர்ச்சுக்குப் புறப்பட்டவர் போல நின்றார்.

“தப்பா வந்திருக்கு. அடிச்சிட்டு உங்க பேரை எழுதிடறேன்,” என்று டோர்கில் பேனாவை எடுத்தார்.

பிரேபென் துணியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். “அடிக்காதீங்க. நான்தான் அந்தப் பேரைக் குடுத்தேன். ஓட்டணும்னு ஆசைப்பட்டது அவ. போன நவம்பர்ல போயிட்டா.”

டோர்கில் பேனாவை மூடினார். சைக்கிளைப் பார்த்தார். வெளிர்நீலம். கீறல் இல்லை.

“புதுசு மாதிரியே வெச்சிருந்திருக்காங்க. எந்தச் சங்கத்துல இருந்தாங்க?”

“தனியாத்தான் ஓட்டுவா. கூட்டம் பிடிக்காது.”

“சரி, போடில்னே ஓட்டுங்க. ஆனா சீட்டு இவ்வளவு தாழ்வா இருந்தா முழங்கால் மோவாயில இடிக்கும்.” தன் கையாலேயே இருக்கையை உயர்த்தி முடுக்கிவிட்டார். அன்றைக்கு பிரேபெனுக்குக் கிடைத்த முதல் உதவி அது. எல்லாத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது.

பிரேபென் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வாழ்ந்தவர். ஸ்கீவே நகரத்தில் ஸ்டியரிங் பிடிப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். சைக்கிள்காரர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. கையைக் காட்டாமல் திரும்புகிற ஜாதி என்பார். ஓய்வு பெற்ற பிறகு திட்ட ஆள் இல்லாமல், போடில் சமையலறையில் திரும்பும்போது “பின்னாடி பாத்துத் திரும்பு” என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் பல் மருத்துவமனை வரவேற்பறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். வலியில் கத்துகிறவர்களைச் சமாளித்துப் பழக்கம் என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெளிர்நீலச் சைக்கிள் வந்தது. ஞாயிறுதோறும் போடில் காலையில் கிளம்பிப் போவாள். சாயங்காலம் காற்றடித்துச் சிவந்த கன்னத்தோடு திரும்பி வருவாள். “இன்னிக்கு எதுவரைக்கும்?” என்று கேட்டால், “லோக்ஸ்டோர்” என்பாள், அல்லது “மோர்ஸ் தீவு” என்பாள். போன கோடையில் ஒரு நாள் மீனைப் பிட்டுக்கொண்டே, “அடுத்த ஜூன்ல ஃபியோர்டை முழுசா ஒரு சுத்து சுத்திடப் போறேன்” என்றாள். நவம்பரில், ரொட்டிக் கடை வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

குளிர்காலம் முழுக்கச் சைக்கிள் வீட்டுக் கூடத்தில் சுவரோரம் நின்றது. மார்ச்சில் ஒரு நாள் அதைக் கடந்து போகும்போது கால் இடித்துக்கொண்டார். “இரு, நான் கொண்டுபோய்ச் சுத்திட்டு வரேன்” என்று அதனிடம் சொன்னார். சர்ச் கட்டடத்தைச் சுற்றி ஓட்டிப் பழகினார். பாதிரியார் முன்னாலேயே விழுந்தார். அவ்வளவுதான் பயிற்சி.

மோர்ஸ் தீவுக்குப் போகும் பாலத்தின் நடுவில் இருக்கை மெல்ல இறங்க ஆரம்பித்தது. பாலம் முடிவதற்குள் முழங்கால் நெஞ்சைத் தொட்டது. வழியில் ஒரு பண்ணையில் நுழைந்து ஸ்பேனர் கேட்டார்.

“கொண்டாங்க,” என்றான் பண்ணைக்காரன். டிராக்டர் முடுக்கிப் பழகிய கை. ஒரே திருகு. போல்ட் இரண்டாக உடைந்தது.

“இப்ப இறங்காது,” என்றான்.

“நிக்கவும் நிக்காதே.”

வைக்கோல் கட்டும் கயிற்றை எடுத்து வந்து, இழுத்துச் சுற்றி, மேலே பிசின் நாடா ஒட்டிக் கட்டினான். மலை போல உறுதியாக நின்றது. ஆனால் இடப்பக்கமாகத் திரும்பி நின்றது. அவிழ்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு பிரேபென் உடம்பை முறுக்கி, நாள் முழுக்கத் தோட்டத்தை வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி ஓட்டினார்.

கோணலாக உட்கார்ந்ததில் வலது கால்சட்டை சங்கிலிக்குள் போனது. திஸ்டெட் ஊருக்கு வெளியே, அவசரமே இல்லாமல், ஒரு செந்தட்டிப் பள்ளத்தில் சாய்ந்தார். ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, சங்கத்தின் உணவு மேசையில் நின்ற பெண்மணி ரொட்டிக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“ஆடாம நில்லுங்க.” மாட்டியிருந்த கால்சட்டையை முழங்கால் மட்டத்தில் வெட்டினாள். எட்ட நின்று பார்த்தாள். “ஒரு பக்கம் மட்டும் இருந்தா அசிங்கமா இருக்கு,” என்று சொல்லி மற்றதையும் வெட்டினாள். அது இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டது.

“என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தைச்சது,” என்றார் பிரேபென்.

“கல்யாணம் முடிஞ்சிடுச்சு இல்ல?” என்று அவர் கையில் முட்டை வைத்த ரொட்டியைத் திணித்தாள். பிறகு நெஞ்சைப் பார்த்தாள். கிளம்பும் ஒவ்வொருவருக்கும் செய்வதுபோல, தெருவில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி கத்தினாள். “போடில் கிளம்பறாங்க. கை தட்டுங்க.”

தெருவே கை தட்டியது. “போ, போடில். விடாதே, போடில்.”

பிரேபென் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அது தன்னைத்தான் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. நவம்பருக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் அவர் எதிரில் உரக்கச் சொன்னதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இப்போது முன்பின் தெரியாதவர்கள், கையில் ஐஸ்கிரீமோடு, வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். அவர் அழுதுகொண்டே ஊரைத் தாண்டினார். செந்தட்டி எரிச்சலில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள் போலும். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

திஸ்டெட்டைத் தாண்டியதும் எதிர்க்காற்று. நடக்கிறவர்களே முந்திவிடுகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சிவப்புக் கார் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பின்னால் ஒட்டிக்கொண்டது. முந்தவில்லை. திரும்பிப் பார்த்தார். ரிக்கே. ஒரு காலத்தில் அவரிடம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வகுப்பு எடுத்தும் ரிவர்ஸ் வராத பெண். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

கண்ணாடியை இறக்கினாள். “சார், பயப்படாதீங்க. நான் பின்னாடியே பாதுகாப்பா வரேன்.”

“வேணாம்மா. முந்திப் போ.”

“எப்படி சார் விட்டுட்டுப் போறது? தள்ளாடறீங்களே. பாதி டிரவுசரைக் காணோம்.”

அவளுக்குப் பின்னால் பால் லாரி ஒன்று சேர்ந்தது. அதற்குப் பின்னால் காரில் சக்கர வீட்டையே இழுத்துக்கொண்டு வரும் ஜெர்மன் சுற்றுலாக்காரர்கள். அப்புறம் பூ கட்டிய ஒரு கல்யாணக் கார். ஹாரன் சத்தம் வயல்வெளி முழுக்கக் கேட்டது. மெதுவாகப் போகிறவன் மற்றவர்களை மறிக்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் போதித்தவர், இப்போது முறுக்கிய உடம்போடு ஒரு ஊர்வலத்தின் தலையில் போய்க்கொண்டிருந்தார். பால் லாரிக்காரன் தலையை நீட்டி, “யோவ் பெருசு, நான் போறதுக்குள்ள பால் தயிராயிடும்,” என்றான்.

“ரிக்கே,” என்றார் பிரேபென், பழைய குரலில். “கண்ணாடியைப் பாரு.”

அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. “பாத்தேன் சார்.”

“இண்டிகேட்டர். எதிர்ல வண்டி?”

“இல்ல சார்.”

“போ. பயந்து பயந்து போகாத. ஒரே மூச்சா போ.”

அழகாக முந்தினாள். ஊர்வலமும் பின்தொடர்ந்தது. மணப்பெண் போகிற போக்கில் ஒரு பூவை விட்டெறிந்தாள். அது அவர் மூக்கில் பட்டது.

கொஞ்ச தூரத்தில் ரிக்கே ஓரமாக நிறுத்திக் காத்திருந்தாள். நெஞ்சிலிருந்த பெயரை அப்போதுதான் படித்தாள். முகம் மாறிவிட்டது.

“வகுப்பு முடிஞ்சு நான் உங்க வீட்டு வாசல்ல அழுதுக்கிட்டு நிப்பேன் சார். போடில் அம்மாதான் உள்ள கூப்பிட்டு பிஸ்கட் குடுப்பாங்க. ‘அவர் எல்லாரையும் அப்படித்தான், என்னையும்தான்’னு சொல்வாங்க.”

பிரேபென் ஹேண்டில்பாரில் சிக்கியிருந்த அந்தப் பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

“சார், சைக்கிளைப் பின்னாடி போட்டுடலாம். படகுத்துறை வரைக்கும் கொண்டு விடறேன். கிட்டப் போனதும் இறங்கிக்கோங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

கால்கள் இரண்டும் சரி என்றன. முதுகு எப்போதோ சரி என்றுவிட்டது. “வேணாம்மா,” என்றார். “அவ ஒரு நாள்கூட யார் வண்டியிலயும் ஏறி வந்தவ இல்ல. மழையிலயும் அவளே மிதிச்சு வந்திருக்கா. நான் மட்டும் ஏமாத்தினா அவ மூஞ்சில எப்படி முழிக்கறது?”

லோக்ஸ்டோரைத் தாண்டிய பாதையில் துணைக்கு யாருமில்லை. கோதுமை வயல், மறுபடி கோதுமை வயல். இதே வழியில்தானே அவளும் தனியாக மிதித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மனம் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. சைக்கிளை வாசலில் பிடித்துக்கொண்டு, “நான் இப்படிக் கொஞ்சம் போயிட்டு வரட்டுமா? உங்களுக்குத் தனியா இருக்கக் கஷ்டமா இருக்குமோ?” என்று கேட்டாள். கஷ்டம்தான். ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் போல நீளமான நாள் கிடையாது. ஆனால் அவள் ஆசையாகக் கேட்கிறாளே என்று, “போ போ. எனக்கும் ஒரு நாளாவது வீடு அமைதியா இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லி வைத்தார். முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கதவையும் சட்டென்று சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வெளிர்நீலம் தெரிந்ததும் எழுந்து ஓடி, நாள் முழுக்கப் பேப்பர் படித்தவர்போல சோபாவில் சாய்ந்துகொள்வார். நாலு வருஷம். அவள் சந்தோஷத்துக்கு முன்னால் அது ஒன்றும் பெரிசில்லை என்று தோன்றியிருந்தது.

ஹ்வால்ப்சுண்ட் துறைக்கு வந்தபோது ஜூன் மாதத்து நீண்ட பகலும் முடிந்து வெயில் சாய்ந்திருந்தது. மற்ற சைக்கிள்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அவருக்குப் படகு ஆகாது, வயிறு புரட்டும். சுற்றிக்கொண்டு பாலத்தின் வழியாகவே காரில் போய்ப் பழகியவர். ஆனால் இந்தச் சுற்று படகில்தான் முடிகிறது. படகு கிளம்பியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக் குனிந்தார். ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட படகுப் பணிப்பெண் ஒருத்தி, பேசாமல் வந்து இஞ்சி பிஸ்கட் ஒன்றை நீட்டினாள். யூட்டே என்று அங்கியில் எழுதியிருந்தது. அவள் பார்வை அவர் மேல் இல்லை. சைக்கிளின் மேல் இருந்தது.

எதிர்க்கரையில் டோர்கில் இன்னும் மேசையை மடக்காமல் காத்திருந்தார். படகின் சாய்தளத்திலிருந்து இடப்பக்கம் பார்த்தபடி, அரைக் கால்சட்டையும் காதில் செருகிய பூவுமாக பிரேபென் மிதித்து இறங்கியபோது, மிச்சமிருந்த நாலைந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

“போடில் வந்தாச்சு,” என்றார் டோர்கில்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். சைக்கிளிலிருந்து இறங்கக் கால் வரவில்லை. இரண்டு பேர் தூக்கி இறக்கி, படகு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார வைத்து, கையில் சூடான சாசேஜைக் கொடுத்தார்கள். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. ஆனால் நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடத்தில் போய் உட்கார்ந்தது. பதக்கத்தைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார்.

“முடிச்சாச்சும்மா,” என்றார் மெதுவாக.

யூட்டே படகிலிருந்து இறங்கி வந்தாள். கையில் இரண்டு கோப்பை காப்பி. ஒன்றை அவரிடம் கொடுத்தாள்.

“இது போடில் அம்மாவோட சைக்கிள்தானே? இலையுதிர்காலத்துக்கு அப்புறம் ஆளையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நவம்பர்ல இறந்துட்டா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க அவங்க அண்ணனா?”

பிரேபென் வாயைத் திறந்தார். வாய் நிறையச் சாசேஜ். தலையை எப்படி ஆட்டினாரோ தெரியாது. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

“அவங்களுக்காக முழுசா சுத்தி வந்திருக்கீங்க, பெரிய மனசுங்க,” என்றாள். “ஆனா அவங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், ஞாயித்துக்கிழமையானா அவருக்கு வீட்ல தனியா இருந்தாத்தான் பிடிக்குமாம், அதுக்காக அவங்க இங்க வரைக்கும் சைக்கிள்ல வந்து, வேற போக்கிடம் இல்லாம, சாயங்காலம் வரைக்கும் எங்க படகுலயே அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமா போயிட்டு வந்துட்டு, ‘இப்ப வீட்டுக்குப் போகலாமா, இல்ல இன்னும் ரொம்ப சீக்கிரமோ’ன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பாங்க.”