போனில் நான் சொன்னது கேக்கைப் பற்றி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளைக் கட்டியவனின் தகப்பன், தையற்காரன், பணிவோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். எல்லாரும் வழக்கத்துக்காக எழுதும் வரிதான் இது, ஆனால் நான் உண்மையாகவே எழுதுகிறேன். உங்கள் மகள் நலம். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம். தயவுசெய்து இந்த இடத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே போங்கள்.

முந்தாநாள் மதியம் நீங்கள் போன் செய்தபோது என் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரு கேக்கைப் பற்றியது. இதைச் சொல்லத்தான் அன்றிலிருந்து உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அணைந்தே கிடக்கிறது. நீங்கள் சிறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தன்று நீங்கள் என்னைப் பார்த்து "சாப்டீங்களா" என்று கேட்டபோதே, செய்யாத குற்றம் எதையாவது ஒப்புக்கொண்டால் தேவலை என்று எனக்கு ஆகிவிட்டது. அப்படிப்பட்டவர் போனை அணைத்துவிட்டு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று யோசித்தால் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பிரஷர் கூடியிருக்கிறது என்று மருமகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது உங்களுக்குத் தெரியும். படுத்தே இருக்க வேண்டும், கவலைப்படவே கூடாது, கவலைப்பட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. வீட்டில் கேக் செய்து கொடுக்கிறாளே, அதில் ஒரு ஆர்டர் பாக்கி. அதே ஆஸ்பத்திரியில் பெரிய சிஸ்டர் ஓய்வு பெறுகிறார், அறுபது பேருக்கு ஒரே பலகை போல நீளமான கேக். மகன் கப்பலில் இருக்கிறான், என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறாள், மிச்சம் இருந்தது நான். "நான் செஞ்சிடறேம்மா, நீ நிம்மதியா படு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அவள் போனில் ரகசியக் குரலில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்து, "மாமா, எப்பவும் கலக்கறது முப்பது பேருக்கு. அதுல ரெண்டு பங்கு கலந்துக்குங்க. டிரே மட்டும் பாத்து எடுங்க, பெரிய டிரே இருக்கில்ல, அதை..." என்றாள். அதற்குள் என் வீட்டுக்காரி "டாக்டர் வர்றாரு" என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அதை எடு என்று சொல்ல வந்தாளா, எடுக்காதே என்று சொல்ல வந்தாளா? திருப்பிக் கேட்டால் கவலைப்படுவாள். கவலைப்பட்டால் பிரஷர் ஏறும். நான் கேட்கவில்லை.

மூன்று டிரே இருந்தது சம்பந்தி. ஒன்று வழக்கமானது. ஒன்று நீளத்திலும் அகலத்திலும் அதைப்போல இரண்டு மடங்கு. இன்னொன்று வழக்கமானதைவிடச் சின்னது, ஆனால் வாளி மாதிரி ஆழம். ஆள் இரண்டு பங்கு, மாவு இரண்டு பங்கு, அப்போது டிரேயும் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்குதானே என்று பெரியதை எடுத்தேன். மாவை ஊற்றினேன். ஊற்றிய மாவு எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு பூச்சு, நடுவில் தகரம் தெரிகிறது. நீளமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு என்றால் இடம் நாலு மடங்கு ஆகிவிடும் என்பது துணி வெட்டும்போது என் கைக்குத் தெரியும். மாவு கலக்கும்போது புத்திக்கு எட்டவில்லை. சரி, மெல்லிசாகவே வேகட்டும் என்று அவனுக்குள் வைக்கப் பார்த்தேன். அவன் என்றால் ஆள் இல்லை சம்பந்தி, கேக் சுடும் மின்சார அடுப்பு. உங்கள் மகள் அப்படித்தான் சொல்வாள், எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. டிரே உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தேன், மாவு மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடிவந்து என் செருப்பில் விழப் பார்த்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் வழித்து ஆழமான டிரேயில் கொட்டினேன். கழுத்து வரைக்கும் நின்றது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்த வேண்டும், மாவு உப்பி எழும்ப இடம் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பையில் துணியை அடைப்பது மாதிரி அடைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன்.

அது எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது. விளிம்பு தாண்டி வழிந்து கம்பியில் விழுந்து புகை. மேல்பக்கம் கரி, நடுவில் கத்தியை விட்டால் கூழ். புகையைப் பார்த்து மாடி வீட்டுக் குழாய்க்காரர் ஈரத்துணியோடு ஓடிவந்தார். அந்த நேரம் பார்த்து உங்கள் போன். இரண்டு கையிலும் மாவு, முழங்கையால் அமுக்கினேன். யார் என்றுகூடப் பார்க்கவில்லை. குழாய்க்காரரிடம் பேசியதை அப்படியே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

"என்னங்க ஆச்சு?" என்று அவர் கேட்டார்.

"வயிறு வெடிச்சுப்போச்சுங்க. கத்தி விட்டுப் பாத்தேன், உள்ள இன்னும் பச்சையா இருக்கு. அவனை நம்பி மோசம் போயிட்டோம்."

"இப்ப என்ன பண்றது?"

"இனிமே தேறாது. துண்டு துண்டா எடுத்துப் போட்டுட்டு, நாளைக்குள்ள வேற ஒண்ணு பண்ணிக்க வேண்டியதுதான். மருமகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

அப்புறம்தான் போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய மரம் ஒன்று சாய்கிற மாதிரி. துடைத்துக்கொண்டு பார்த்தேன், உங்கள் பேர். லைன் கட்டாகிவிட்டது. அடுப்பு எரிந்தபோது வராத வியர்வை அப்போது வந்தது சம்பந்தி. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழாய்க்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு தைரியத்தைத் திரட்டி என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். வராந்தாவுக்கு வந்து பேசினாள். கேட்டுவிட்டு, "ஏங்க, வழக்கமான டிரேலயே ரெண்டு தடவை சுட்டு ஒட்ட வேண்டியதுதானே. ஒரு துணி பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள். இத்தனை காலம் துணியை ஒட்டுப்போட்டுப் பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லை. மறுபடி கலந்தேன். பாதிக்கு மேல் ஒரு விரல், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொட்டு விடவில்லை. ஒன்று சுட்டேன், ஆறவிட்டேன், இன்னொன்று சுட்டேன். கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரோ பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்த மாதிரி. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஓரம் சீவி, நடுவில் கிரீம் தடவி ஒட்டி, தையல் தெரியாமல் மேலே பூசி மறைத்தேன்.

நேற்று குழாய்க்காரரும் நானும் ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிப் போனோம். பெரிய சிஸ்டர் கத்தியை எடுத்து மிகச் சரியாக அந்த ஒட்டின் மேலேயே வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டும் அழகாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தது. பெரிய சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, ஒரு பாதியை அப்படியே நைட் டியூட்டிக்கு எடுத்து வைங்க. ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு மிச்சமே இருக்காது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

மருமகளுக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தோம். மெதுவாகச் சாப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு டிரேயா சுட்டீங்களா மாமா?" என்றாள். தலையை ஆட்டினேன். "அப்பாடா. பெரிய டிரே நம்ம அவனுக்குள்ள போகாது, அதை எடுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். அத்தை போனைப் பிடுங்கிட்டாங்க. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள். அதாவது நான் கேட்டிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். மாலையில் பிரஷர் பார்த்த நர்ஸ், இறங்கியிருக்கிறது என்று சொன்னார். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். பயத்தில் அழுதேனா நிம்மதியில் அழுதேனா என்று தெரியவில்லை.

ஆகவே சம்பந்தி, தாங்கள் எதையும் நினைத்து அலைக்கழிய வேண்டாம். முக்கியமாக, கிளம்பி இங்கே வந்துவிட வேண்டாம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். எங்கள் வீட்டிலிருந்து எல்லோருடைய அன்பும் உங்களுக்கு. உங்கள் உடம்பும் மனசும் அமைதியாக இருக்க வேண்டும் என்று, எனக்காகவும் சேர்த்து, வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கோபத்துக்கு அஞ்சும்,
சம்பந்தி

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது வாசலில் மணி அடித்தது. நீங்கள். போன் அன்றே கீழே விழுந்து உடைந்துவிட்டதாம், அன்றைக்கு பஸ் கிடைக்காமல் நேற்று ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அன்று போனில் காதில் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் நீங்கள் ஊர் திரும்பியதும் படித்துக்கொள்ளட்டும் என்று இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன். இப்போது நீங்கள் முகம் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். "யாருக்கு லெட்டர்?" என்று கேட்டீர்கள். "ஒரு சொந்தக்காரருக்கு" என்றேன். "ஒட்டிக் குடுங்க, நான் வெளியதான் போறேன், பெட்டியில போட்டுடறேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். விலாசம் எழுதிய பக்கத்தைக் கீழே வைத்துக் கொடுக்கப்போகிறேன்.