சர் டெஸ்மண்ட் வரக் கூடாத கூட்டம்

“வெள்ளிக்கிழமை மன்றத்துல ஒரு துக்க காரியம் சார். நீங்க வர்ற மாதிரி வேற விசேஷம் ஒண்ணும் இல்லை” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார் நாரிஸ். செத்தது யார் என்பதை அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

“அடடா. யாரு தவறிட்டாங்க?” என்றார் மறுமுனையில் சர் டெஸ்மண்ட்.

நாரிஸ் சன்னல் வழியே பார்த்தார். வாசலில் எழுபத்தெட்டு வயதான காவலாளி வில்ஃப், ஈர இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“நம்ம வில்ஃப் சார்.”

“யாரு, நான் எப்ப வந்தாலும் ஓடி வந்து கார்க் கதவைத் திறப்பாரே, அவரா? ஐயோ பாவம். அவர் சாவுக்கு வரலைன்னா நான் என்ன மனுஷன்? மூணு மணிதானே? வந்துடறேன்.”

போன் வைக்கப்பட்டது.

தார்ன்ஷா ஊரில் கட்சியின் முகவராக நாரிஸுக்கு இது பத்தொன்பதாவது வருடம். தேர்தல் காலம் தவிர மற்ற நாட்களில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். இந்தப் பொய்க்கு வலுவான காரணம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அதே மன்றத்தில், தொகுதியின் எம்.பி. பிலிப்பா கிரேக் ஒரு மசோதாவை அறிவிக்கப் போகிறார். ஆன்லைன் சூதாட்டத்துக்கு வரி இரட்டிப்பு. அது போக, உரிமம் கேட்கும் ஒவ்வொரு கம்பெனியும் இருபது மில்லியன் பவுண்டை அரசாங்கத்திடம் டெபாசிட்டாகக் கட்ட வேண்டும்.

சர் டெஸ்மண்ட் நடத்துவது ‘தங்க மீன்கொத்தி’ என்ற சூதாட்டக் கம்பெனி. நாட்டில் பாதிப் பேர் கைபேசியில் அதன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். கட்சி மன்றத்தின் கூரை, வெந்நீர்க் கொதிகலன், நூற்றிருபது நாற்காலி எல்லாம் அவர் நன்கொடை. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு பறவை இருந்தது. இப்படிப்பட்ட மசோதா இதற்கு முன் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் சர் டெஸ்மண்ட் யாருக்கோ மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். இரண்டு மசோதாவும் மறுபரிசீலனைக்குப் போயின. திரும்பி வரவில்லை.

மூன்றாவதும் அப்படிப் போக நாரிஸ் விடுவதாக இல்லை. அவருடைய தங்கை புருஷன் கிளிஃபர்ட் நல்ல குழாய் வேலைக்காரன். தங்க மீன்கொத்தியிடம் முதலில் வேனைக் கொடுத்தான், பிறகு ஸ்பானர் பெட்டியைக் கொடுத்தான், கடைசியில் வீட்டைக் கொடுத்தான். ஏழு மாதமாக நாரிஸ் வீட்டு சோபாவில் படுத்திருக்கிறான். தங்கை மாடியில் அழுகிறாள். இந்தச் சட்டம் வர வேண்டும் என்று நாரிஸ் பிலிப்பாவிடம் இரண்டு வருடம் கெஞ்சியிருந்தார். திடீரென்று போன மாதம், “சரி நாரிஸ், செஞ்சுடலாம்” என்று அந்த அம்மாள் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரே ஒரு விஷயம்” என்று பிலிப்பா சேர்த்துக்கொண்டார். “பேப்பர்க்காரங்க வர்றாங்க. அன்னிக்கு டெஸ்மண்ட் அங்க தலையே காட்டக் கூடாது. புரியுதா?”

“நல்லாப் புரியுது மேடம்” என்றார் நாரிஸ்.

இப்போது அவர் வில்ஃபைக் கூப்பிட்டார்.

“வில்ஃப் அண்ணே, நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் லீவு எடுத்துக்கோங்க. சம்பளத்தோட.”

வில்ஃப் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “முப்பது வருஷத்துல ஒரு நாள் லீவு குடுத்ததில்ல. இப்ப என்ன திடீர்ப் பாசம்? ஆளைத் தூக்கறீங்களா?”

“சேச்சே.”

“அப்ப வருவேன்.”

வேறு வழியில்லாமல், வெள்ளிக்கிழமை முழுக்கக் கொதிகலன் அறையில் உட்கார்ந்து அழுத்தமானியைக் கவனிக்கும் முக்கியப் பணி அவருக்குத் தரப்பட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மலர் வளையம் வந்தது. ஆள் உயரம். நடுவில் மஞ்சள் செவ்வந்தியால் ஒரு மீன்கொத்தி. கீழே, ‘தங்க மீன்கொத்தியின் ஆழ்ந்த அனுதாபங்கள்’. பண்டக அறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. அதை ஒளித்துவைக்க நாரிஸ் சாய்த்துப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஹேசல்.

“யாரு சார் செத்தது?”

“சூதாட்டம்” என்றார் நாரிஸ். அதைச் சொன்ன வாயை நினைத்து அவருக்கே வியப்பு. “சூதாட்டத்தைப் புதைக்கறோம்மா. அதுக்கு ஒரு அடையாளமா...”

“பிரமாதம்! அப்ப மேடையில வையுங்க. மேடம் பக்கத்துல நிக்கட்டும், முதல் பக்கத்துல போட்டுடறேன்.”

இப்படியாக, யார் பெயர் அந்தக் கட்டடத்தில் கண்ணில் படக் கூடாதோ அந்தப் பெயர் ஆறடி உயரத்தில் மேடை ஏறியது. பிலிப்பா வந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பானது. ஆனால் கேமரா எதிரே இருந்ததால் சிரித்தார்.

“இது யார் வேலை நாரிஸ்?” என்று பல்லைக் காட்டியபடியே கேட்டார்.

“அப்புறம் சொல்றேன் மேடம்.”

இரண்டரை மணிக்கு சர் டெஸ்மண்டின் டிரைவர் டெரிக் போன் செய்தான். “கிளம்பிட்டோம் சார். ஐயா கறுப்பு டை கட்டியிருக்காரு. அஞ்சலியில ரெண்டு வார்த்தை பேசணுமாம்.”

நாரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். இனித் தடுக்க முடியாது. மனிதர் வந்து, சாவுச் செய்திக்குப் பதில் தன் கம்பெனியின் சாவுச் செய்தியைக் கேட்கப் போகிறார். எழுந்து நின்று கத்துவார். பேப்பர்க்காரி எழுதுவாள். மசோதா மறுபரிசீலனைக்குப் போகும். நாரிஸ் சோபாவுக்குப் போக வேண்டியதுதான்; அதிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறான்.

அடியின் வலியைக் கொஞ்சமாவது குறைக்கலாமே என்று தோன்றியது. அலுவலக அறைக்குள் போய், பிலிப்பாவின் பேச்சில் நாலாம் பக்கத்தை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்தார். ‘இருபது மில்லியன்’ இருந்த இடத்தில் ‘பத்து மில்லியன்’. அச்சு எடுக்கும் முன் கிளிஃபர்டின் முகம் நினைவுக்கு வந்து விரல் நின்றது. பத்தும் ஒன்றும் சில்லறை இல்லை, சட்டம் வருகிறதே அது போதும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு பொத்தானை அழுத்தி, பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார். பிலிப்பா கண்டுபிடிப்பார் என்ற பயம் அவருக்கு இல்லை. எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பவர் அந்த அம்மாள். போன வருடம் ‘இங்கே சிரிக்கவும்’ என்பதையும் உரக்க வாசித்தார்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றது. நாரிஸ் ஓடினார். ஆனால் கொதிகலன் அறையின் வெக்கை தாங்காமல் காற்று வாங்க வந்திருந்த வில்ஃப் முந்திக்கொண்டார். முப்பது வருடப் பழக்கம். கார்க் கதவைத் திறந்து, தொப்பியைத் தொட்டார்.

“வணக்கம் சார். கறுப்பு டை எல்லாம் கட்டியிருக்கீங்க. யாரு போயிட்டாங்க?”

சர் டெஸ்மண்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான்” என்றார்.

வில்ஃப் கொஞ்சம் யோசித்தார். “சம்பளத்தோட லீவுன்னப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்தது” என்றார்.

“சார், நான் சொல்றேன் சார்” என்று நாரிஸ் ஆரம்பித்தார். அதற்குள் உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் பிலிப்பாவின் குரல் கேட்டது. சர் டெஸ்மண்ட் கையை உயர்த்தி நாரிஸின் வாயை அடைத்துவிட்டு, நேராக உள்ளே போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தார்.

நாரிஸ் தூண் ஓரமாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சர் டெஸ்மண்டின் உதடுகள் முணுமுணுவென்று அசைந்தன. சபிக்கிறார் என்று நாரிஸுக்குத் தோன்றியது. வரி இரட்டிப்பு என்றபோது கூட்டம் கைதட்டியது. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“கடைசியாக” என்று பிலிப்பா நாலாம் பக்கத்தைத் திருப்பினார். “பத்து மில்லியன் பவுண்டு டெபாசிட் கட்டாத எந்தக் கம்பெனியும் இந்த நாட்டில் கடை திறக்க முடியாது!”

உதடுகள் நின்றன. சர் டெஸ்மண்டின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி பீட்ரூட் போல நெற்றி வரை போயிற்று. எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரையும் பார்க்காமல் வெளியேறி, காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மன்றத்துக்குள் கைதட்டல் கூரையைத் தூக்கியது. பிலிப்பா மட்டும் கையிலிருந்த தாளை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஹேசல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் கத்தவில்லை. மசோதா அறிவிக்கப்பட்டுவிட்டது. தங்கையிடம் சொல்ல நாரிஸின் கை கைபேசிக்குப் போயிற்று. ஆனாலும், பத்துக்கே மனிதர் இப்படி என்றால் இருபதைக் கேட்டிருந்தால் மாரடைப்பே வந்திருக்கும் என்ற இரக்கம் அவரை வாசலுக்கு இழுத்துப் போனது.

டெரிக் காருக்கு வெளியே நின்று, கூட்டத்தில் கொடுத்த இறைச்சி பஃப்பைத் தின்றுகொண்டிருந்தான். காருக்குள் சர் டெஸ்மண்ட் யாரிடமோ போனில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது.

“டெரிக், ஐயா ரொம்பக் கோபமா?” என்றார் நாரிஸ் மெதுவாக. “அவர் மனசு நோகக் கூடாதுன்னுதான் நான் என்னால ஆனதைப் பார்த்தேன். சட்டம்னா அப்படித்தானே, யாருக்காவது வலிக்கத்தானே செய்யும்?”

டெரிக் வாயில் இருந்ததை விழுங்கினான்.

“கோபம் வராம என்ன சார் செய்யும்? மூணு வாரம் ராப்பகலா உக்காந்து இந்தப் பேச்சை எழுதிக் குடுத்ததே அவருதான். இருபது மில்லியன்னாத்தான் போட்டிக் கம்பெனி அத்தனையும் படுக்கும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தாரு, உங்க எம்.பி. அம்மா பத்துன்னு வாசிச்சுட்டாங்களே!”