தகட்டுக்கு வைத்த பொட்டு

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இருபத்திரண்டு வயதில் நான் ஒரு விஞ்ஞானி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதை மறுக்க ஆளில்லை; ஃபியூஸ் கட்ட எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றில், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மழை பெய்தால் மரம் விழும். ஆபீசுக்கும் தேயிலை ஆலைக்கும் இடையிலான டெலிபோன் கம்பி அறுந்துபோகும். நடுவே ஒரு பள்ளம்தான்.

"கம்பியே வேணாங்க. வெளிச்சத்துலயே பேச்ச அனுப்பிடுறேன்" என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லிவிட்டேன் (வாய்க்கொழுப்பு). துரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். செய்து காட்டினால் ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை, இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டப் போ என்றார்.

ஹட்டனில் ஒரு லேசர் பேனா வாங்கினேன். அதோடு இணைத்த மைக்கில் பேசினால் அதற்கேற்ப அந்த வெளிச்சம் துடிக்கும். எதிர்ப்பக்கம், உடைந்த கால்குலேட்டரிலிருந்து பிடுங்கிய சூரியத் தகடு அந்தத் துடிப்பை வாங்கி, கோயில் ஸ்பீக்கரில் பேச்சாக்கும். முதல்நாள் சாயங்காலம் சோதித்தபோது அருமையாகப் பேசியது.

மறுநாள் காலை, ஆலையில் தூள் சலிக்கும் அம்மாவைத் தகட்டுப் பெட்டிக்குக் காவல் வைத்தேன். என் குரல் கேட்டால் அவள் வெள்ளைத் துண்டை ஆட்ட வேண்டும். துரைக்கென்று உளுந்துவடையும் சுட்டு என்னிடம் கொடுத்திருந்தாள்.

ஆபீஸ் ஜன்னலில் நின்று "ஹலோ, ஹலோ" என்றேன். துண்டு ஆடவில்லை.

பனிமூட்டம் மறைக்கிறது என்றேன். அரைமணி நேரத்தில் பனி விலகியது, துண்டு ஆடவில்லை. வெயில் தகட்டில் அடித்தால் லேசர் எடுபடாது என்றேன். ஆள் ஓடிப்போய்ச் சொல்ல, அம்மா குடை பிடித்தாள், ஆடவில்லை. லொறி போனால் மேசை அதிர்ந்து குறி தப்புகிறது என்றேன். துரை லொறியையே நிறுத்திவைத்தார். அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் மணியைப் பார்த்தார். கவ்வாத்துக் கத்தி என் கண்முன்னே தெரிந்தது. மைக்கை மேசையில் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஓடினேன்.

பெட்டியைக் குனிந்து பார்த்தேன். தகடு முழுக்கச் சந்தனம், நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு குங்குமம்.

"என்னம்மா இது?"

"புது மிசினுக்குப் பொட்டு வைக்காம ஆரம்பிப்பாங்களா? நெத்தி மாதிரி பளபளன்னு இருந்தது அந்த எடந்தான்."

அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துத் துடைத்தேன். ஸ்பீக்கர் கரகரத்தது. துரையின் குரல் ஆலை முழுக்கக் கேட்டது (மைக்கை நான் அணைக்கவே இல்லை).

"இவன் மிசின் சரிவராது, கிளாக்கர்," என்றார், வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு. "ஆனா பையன வேலைக்கு எடுப்போம். இல்லாட்டி இந்த வடை கிடைக்காது."

ஆலையே சிரித்தது. அம்மா நிதானமாகத் துண்டை எடுத்து ஆட்டினாள்.

வேலை கிடைத்தது. அடுத்த வாரமே கெட்டிப் பனி இறங்கி மூன்று நாள் அசையவில்லை. என் கண்டுபிடிப்பு பரணுக்குப் போனது, டெலிபோன் கம்பி திரும்ப வந்தது. நான் மட்டும் ஆலையில் நிலைத்துவிட்டேன்.

இன்றும் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், போன மாதம் வாங்கிய பிரிட்ஜ் வரை, அம்மா குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு, "தம்பி, இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் பொட்டு வைப்பாள்.

என் மனைவி சமையலறையிலிருந்து பதில் சொல்வாள்: "எங்க வேணும்னாலும் வைங்க அத்தை. வடைய மட்டும் மறந்துடாதீங்க, ஒங்க மகனுக்கு அதுதான் சர்டிபிகேட்டு."