மாமனார் ஏறும் வண்டி

காரின் பின் இருக்கை ஹாலில், டீவிக்கு எதிரே கிடந்தது.

பல் டாக்டரின் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது எதுக்கு இங்க?"

"கார்ல இடம் இல்ல," என்றார் டாக்டர்.

"கார்ல சீட்டு வைக்க இடம் இல்லையா?"

"சீட்டுக்குக் கீழ பெட்ரோல் டேங்க். டேங்குக்குள்ள பம்ப். பம்பை மாத்தணும்னா சீட்டு எங்கயாவது போய்த்தானே ஆகணும்."

"பழைய பம்புக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. நல்லாத்தான் இருக்கு. புதுசு இதைவிடப் பெருசு."

மனைவி அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். வீட்டு சோபாவைவிட வசதியாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

உண்மையில் கோளாறு பம்பில் இல்லை, மாமனாரிடம் இருந்தது.

மாமனார் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடித்த கைகளில் பாதி அவரிடம் திட்டு வாங்கிய கைகள். அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் வங்கி மேனேஜர். சத்தமே வராத மின்சாரக் கார் வைத்திருந்தார். இளையவர்தான் பல் டாக்டர். அவரிடம் இருந்தது டர்போ இன்ஜின் பொருத்திய, தரையோடு ஒட்டிப் போகிற சிவப்புக் கார். குடும்பம் எங்கே கிளம்பினாலும் இந்த இரண்டு வண்டிகளில்தான் கிளம்பும். மாமனார் வாசலில் வந்து நிற்பார். இரண்டு வண்டிகளையும் பார்ப்பார். பிறகு மேனேஜரின் வண்டியில் முன் இருக்கையில் ஏறிக்கொள்வார். டாக்டரின் வண்டியில் மாமியாரும் பைகளும் வருவார்கள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். டாக்டர் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அடுத்தவர் வாயைத் திறக்கவைத்தே பழகிப்போனவர்.

ஆனால் போன முறை மலைப்பாதையில் நடந்ததை அவரால் விழுங்க முடியவில்லை. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபோது சிவப்புக் கார் திக்கியது. வாய்ப்பாடு மறந்த பிள்ளை மாதிரி நின்று நின்று யோசித்தது. பக்கத்தில் மின்சாரக் கார் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. முன் இருக்கையில் இருந்த மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறைப்பாக உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு போனார்.

டாக்டருக்கு அன்றுதான் காரணம் விளங்கியது. மேட்டில் திக்குகிற வண்டியில் எந்த வாத்தியார் ஏறுவார்?

மெக்கானிக்கிடம் போனார். அவரை எல்லோரும் 'டர்போ' என்று கூப்பிட்டார்கள். நடையைப் பார்த்தால் காரணம் புரியாது.

"பம்ப் பத்தல டாக்டர்," என்றார் மெக்கானிக். "டர்போ காத்தை அள்ளி அள்ளி உள்ள தள்ளுது. அதுக்கு ஈடா பெட்ரோல் வரணும்ல? மேட்டுல மிதிச்சதும் பம்புக்கு மூச்சு வாங்குது. பெரிய பம்பா போட்டா பறக்கும்."

"நானே மாத்திக்கலாமா?"

"தாராளமா. பல்லு மாதிரிதான். ஒண்ணைப் பிடுங்கு, ஒண்ணை வை."

"பிடுங்கின இடத்துல நாங்க உடனே இன்னொண்ணு வைக்க மாட்டோம்."

"அப்ப இது உங்க வேலையைவிட சுலபம்."

அடுத்த ஞாயிறு எல்லோரும் மலை மேல் இருக்கும் சின்ன மாமனார் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குள் வண்டி தயாராக வேண்டும். அன்றைக்காவது மாமனார் தன் பக்கத்தில் உட்கார வேண்டும். டாக்டருக்கு வேறு ஆசை இல்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றினார். பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை டேங்கின் வாய்க்குள் விட்டு நாலாபக்கமும் பார்த்தார். பழக்க தோஷத்தில், "வலிக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்று டேங்கிடம் சொன்னார். பழைய பம்ப் சமர்த்தாக வெளியே வந்தது. புதியது உள்ளே போனது. வண்டி ஸ்டார்ட் ஆனது.

வீடு முழுக்கப் பெட்ரோல் நாற்றமும் சேர்ந்து வந்தது.

"அடுப்பு பத்த வைக்கலாமா?" என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"வேண்டாம்."

"எப்ப பத்த வைக்கலாம்?"

"சொல்றேன்."

அன்று வீட்டில் எல்லோரும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். மறுநாள் கிளினிக்கில், வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த நோயாளி கையைத் தூக்கினார்.

"என்ன, வலிக்குதா?"

"இல்ல டாக்டர். இது என்ன மருந்து? பெட்ரோல் பங்க் வாசனை அடிக்குதே."

"புதுசா வந்திருக்கு," என்றார் டாக்டர்.

நோயாளி மரியாதையோடு வாயை மறுபடி திறந்தார்.

டேங்கின் வாயை அடைக்கிற ரப்பர் வளையம் பழசு. ஊறிப்போய்ப் பொருந்தாமல் நின்றிருந்தது. டாக்டர் புது வளையம் போட்டார். நாற்றம் நின்றது. அடுப்பு எரிந்தது. பெரிய பம்ப் பெரிய பசியோடு வந்திருக்கிறது என்பது அதற்குப் பிறகு, கடைத்தெரு சிக்னலில்தான் தெரிந்தது. பழைய மெல்லிய ஒயர் வழியே அது கேட்ட மின்சாரம் பாய்ந்ததில், ஃப்யூஸ் எரிந்து வண்டி படுத்துவிட்டது.

பின்னால் ஹாரன்கள். யாரோ இறங்கி வந்து தள்ளினார்கள். ஓரம் கட்டியபின் நன்றி சொல்லத் திரும்பினால், நேற்று கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்ட நோயாளி, வீங்கின கன்னத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்களை ரெஸ்ட் எடுக்கச் சொன்னேனே," என்றார் டாக்டர்.

"கெட்டியா எதையும் கடிக்காதீங்கன்னுதான் சொன்னீங்க. தள்ளக் கூடாதுன்னு சொல்லல."

மெக்கானிக் தடிமனான ஒயர் போட்டுக் கொடுத்தார். பம்புக்கு இப்போது முழு பலம் வந்தது. வந்த பலத்தில் அது இன்ஜின் கேட்டதற்கும் மேலே பெட்ரோலை ஊட்டத் தொடங்கியது, விருந்தாளியை எழுந்திருக்க விடாத மாமியார் மாதிரி. வண்டி விக்கியது. பின்னாலிருந்து கரும்புகை புறப்பட்டு, மதில் தாண்டி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்புகளில் குடியேறியது.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டினார். "டாக்டர், எங்க வீட்டுல சாம்பல் கலர் பிடிக்காது."

"துவைச்சுக் கொடுத்துடறேன் சார்."

விரிப்புகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் போன் செய்தார்.

"என்ன சகல, பம்ப் மாத்துறீங்களாமே?"

"ஆமா சகல."

"என் வண்டியில பம்பே இல்ல."

"தெரியும்."

"ஆயில் மாத்துற வேலையும் இல்ல."

"தெரியும் சகல."

"சும்மா சொன்னேன்." மேனேஜர் கொஞ்சம் இழுத்தார். "ஞாயித்துக்கிழமை மாமா உங்க வண்டியில வருவாரா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

டாக்டர் போனை வைத்தார். குத்திக்காட்டுகிறார். அதில் சந்தேகமே இல்லை. கையிலிருந்த விரிப்பைக் கொஞ்சம் அதிகமாகவே பிழிந்தார்.

மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா பக்கத்துல உக்காரணும்னா நேரா அவருகிட்டயே கேக்கலாம்ல?"

"கேட்டு வாங்குற மரியாதை எனக்கு வேண்டாம்."

"சரி. அந்த நீலக் கோடு போட்டதையும் நல்லா அலசுங்க."

சனிக்கிழமை மெக்கானிக் லேப்டாப்போடு வந்தார். வண்டியில் ஒரு ஒயரைச் செருகிவிட்டுத் திரையையே வெகுநேரம் பார்த்தார். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு கருவி மாட்டினார். அப்புறம் தன் திருப்திக்கு ஆக்சிலரேட்டரையும் கூர்மையாக்கிவிட்டார்.

"இப்ப காலை வைக்கணும்னு நெனைச்சாலே போதும், கிளம்பிடும்," என்றார்.

"நிக்கணும்னு நெனைச்சா?"

"அதுக்குக் காலை வைக்கணும்."

பின் இருக்கை ஹாலை விட்டு வெளியேறியது. மனைவி அதை வழியனுப்பிய விதத்தில் லேசான வருத்தம் தெரிந்தது.

ஞாயிறு காலை மாமனார் வீட்டு வாசல். மின்சாரக் கார் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. மாமனார் கையில் பையோடு அதன் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

தெருமுனையில் திரும்பிய டாக்டர் அதைப் பார்த்தார். தாமதம் செய்தால் போயிற்று. காலை லேசாக அழுத்தினார்.

வண்டி திக்கவில்லை. புகையவில்லை. கவணிலிருந்து புறப்பட்ட கல் மாதிரி வந்தது. டாக்டரின் தலை சீட்டில் மோதியது. மனைவியின் கைப்பை பின்னால் போய் விழுந்தது. வாசல் தூண் பெரிதாகி, இன்னும் பெரிதாகி, ஒரு சாண் தள்ளி நின்றது. நின்றது வண்டிதான் என்பதை டாக்டர் கொஞ்சம் கழித்தே உணர்ந்தார்.



மாமனார் தூணைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு மின்சாரக் காரில் வைத்த காலை வெளியே எடுத்தார். அந்தக் கதவைச் சாத்தினார். நடந்து வந்து சிவப்புக் காரின் முன்கதவருகே நின்றார்.

"கொஞ்சம் பின்னாடி போம்மா," என்றார் மகளிடம்.

டாக்டரின் மனைவி இறங்கிப் பின்னால் போனாள். மாமனார் ஏறினார். பெல்ட்டை மாட்டி, பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டார்.

"கிளம்பலாம் மாப்பிள்ளை. மெதுவா எடுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

டாக்டருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் மாமனார் அவரிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

அப்போது மேனேஜர் இறங்கி வந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெருந்தன்மையான மனுஷன், தோற்றதற்கு முகம் சுருங்கவே இல்லை. "ரொம்ப நன்றி சகல," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அந்த வண்டியில் பாட்டு போட்டு டாக்டர் கேட்டதே இல்லை.

மாமியார் பைகளோடு வழக்கம்போலப் பின்னால் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணாடியில் மாமியாரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாத்தீங்களா அத்தை, மாமா நம்ம வண்டியில ஏறிட்டாரு. பம்ப் மாத்தினது வீண் போகல."

மாமியார் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து நிதானமாக உரிக்கத் தொடங்கினார்.

"யாரு ஓட்டினா அவருக்குப் பயமோ, அவங்க பக்கத்துலதான் உக்காருவாரு மாப்பிள்ளை, இவ்வளவு நாளா உங்களை நம்பித்தான் என்னையே தனியா இந்த வண்டியில ஏத்தி விட்டாரு."